பயற்றுக்குப் பூட்டிய மெசின்

'இஞ்சேருங்கோ' என்று ஒரு பெண் குசினி அடுப்படியில் நின்று புருஷனைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டே ஒரு மனிதன் கிழவனாவதற்கு என்ன விலை? மடத்துவெளியில், 1956ஆம் ஆண்டு நிலவரப்படி, ஐந்நூறு ரூபா.

சீதனப் பேச்சில் இழுபட்டது அவ்வளவுதான். யோகம்மாவின் தகப்பன் வயலும் வீடும் எழுதித் தர ஒப்புக்கொண்டு, காசும் சொல்லிவிட்டார். ஏரம்பரின் தகப்பன் அதற்குமேல் ஐந்நூறு கேட்டார். இரண்டு பேரும் தெற்கே கடை நடத்தி நரைத்தவர்கள். மாட்டுத் தரகர்போலச் சால்வைக்குக் கீழே விரல் பிடித்துப் பேசாததுதான் குறை. மாப்பிள்ளை ஏரம்பர் கதிரை நுனியில் இருந்து விசுக்கோத்துத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் வளையல் ஒன்று மெல்லச் சத்தம் போட்டது. 'காசு வேண்டாம் ஐயா' என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால், விலை பேசுகிற இடத்தில் முதலில் வாய் திறந்தவன் நட்டப்படுவான் என்பது அந்த வீட்டு வேதம். தகப்பன் எழும்பினார், மகனும் எழும்பினார். கடைக்கு வருகிற சனம் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: விலை படியாவிட்டால் இறங்கி நட, பின்னாலே கூப்பிடுவான். படலை தாண்டினார்கள். ஒழுங்கையும் முடிந்தது. ஒருவரும் கூப்பிடவில்லை.

இருபது வருஷம் ஏரம்பர் தெற்கே அரிசி, பருப்பு, கொத்தமல்லி நிறுத்தார். கலியாணம் கேட்டவர்களுக்குத் தங்கச்சிமாரைக் காட்டினார்; தங்கச்சிமார் எல்லாரும் கரையேறிய பிறகு நரையைக் காட்டினார். பிறகு கடையைத் தங்கச்சி மகனிடம் விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். யோகம்மா அங்கேயே இருந்தாள். பேச்சு முறிந்த பெண்ணை அதற்குப் பிறகு ஆரும் கேட்டு வரவில்லை. அவளுக்கென்று எழுத இருந்த அந்த வயலை அவளே விதைத்து, அவளே அறுத்து, தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்து அனுப்பியிருந்தாள்.

ஊரில் அரைவாசிப் பேர் அவரை 'ஏரம்பண்ணை' என்றார்கள். பஸ் கொண்டக்டரும் அண்ணை, மீன்காரனும் அண்ணை. யோகம்மா மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. கோயில் வீதியில் எதிர்ப்பட்டால் "சுகமோ?" என்பாள். அதற்கு முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. அந்த வெற்றிடத்தை ஏரம்பர் பொன்போல வைத்திருந்தார். அவள் ஒருநாள் வாய் தவறி 'அண்ணை' என்றுவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது. கடைக்குப் பலகை போட்ட மாதிரித்தான்.

அவர் மெசின் வாங்கியது இந்தக் கதையில்தான் சேர்த்தி. கிளிநொச்சிப் பக்கம் ஒரு முதலாளி ஏலத்தில் தள்ளிவிட்ட பழசு. அறுத்து, அடித்து, தூற்றி, ஒரே மூச்சில் நெல்லாய்க் கொட்டுகிற சாதி. லொறியில் ஏற்றிக் கடற்பாலத்தால் கொண்டுவந்தபோது மண்டைதீவில் வலை காயவைத்துக்கொண்டு நின்ற ஒருவன், "கப்பலை ஏன் அண்ணை தரையிலை கொண்டு போறியள்?" என்று கேட்டானாம்.

ஊர் வயல்கள் ஓலைப்பாய் விரித்த அளவு. மெசினின் தலை ஏரம்பருடைய வயலுக்குள் நின்றால் வால் அடுத்தவனுடைய வரம்பில் கிடந்தது. அதை ஓட்டவும் பார்க்கவும் வந்த பஸ்ரியாம்பிள்ளை ஊர்காவற்றுறையில் லோஞ்ச் படகு எஞ்சின் திருத்தியவன். சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, இதைத் திருப்பிறதெண்டால் அனலைதீவுக்குப் போய்த்தான் திருப்பிக்கொண்டு வரவேணும்."

"அப்ப திருப்பவேண்டாம். இந்த வளவிலை நடும்."

அறுக்கிற பல்லுச்சட்டத்தைக் கழற்றிச் சுவரில் சாத்தினார்கள். மெசின் புளியமரத்துக்குக் கீழே நின்றது. சனம் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து கையால் ஊட்டவேண்டியது, பத்துக் கொத்துக்கு ஒரு கொத்து கூலி.

"கடைக்காரன் லாபமில்லாமல் தும்புக் கயிறும் வாங்கமாட்டான்" என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசியது. லாபம் எதில் என்பதில்தான் பிசகிவிட்டது. மடத்துவெளித் தானியம் எல்லாம் இந்த வளவுக்கு வந்துதான் ஆகவேண்டுமென்றால், ஒருநாள் மூன்று வயல் தள்ளியிருக்கிற யோகம்மாவின் வயல் தானியமும் வரும். அதுதான் ஏரம்பரின் முதல். வட்டியும் அதுதான்.

தை மாதம் எல்லாருடைய நெல்லும் வந்தது. அவளுடையது வரவில்லை. அவள் களத்தில் மாடு விட்டுக் கதிர்ச்சூடு மிதித்தாள். பின்னேரங்களில் "பொலியோ பொலி" என்று மாட்டுக்குக் குரல் கொடுப்பது காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கேட்கும். அப்போதெல்லாம் ஏரம்பர் கையைக் காட்டுவார்.

"எஞ்சினை நிப்பாட்டும். சூடேறிட்டுது."

பஸ்ரியாம்பிள்ளை மூடியில் கையை வைத்துப் பார்ப்பான். "பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கு அண்ணை."

"நிப்பாட்டும் எண்டால் நிப்பாட்டும்."

அவன் நிப்பாட்டிவிட்டு, ஏரம்பரின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சிரித்துக்கொண்டு பீடி பற்றவைப்பான்.

சித்திரையில் அவளுடைய மாடுகளில் ஒன்றுக்குக் கால் நொண்டிவிட்டது. நெல்லறுத்த ஈரத்தில் விதைத்த பயறு காய்ந்து வெடிக்கிற பருவம். இன்னும் இரண்டு வெயில் விட்டால் வயலிலேயே சிந்திவிடும். ஒரு மத்தியானம் பயற்றஞ்செடி ஏற்றிய வண்டி படலைக்குள் நுழைந்தது. பின்னால் யோகம்மா, முக்காட்டுச் சேலையோடு. துணைக்கு அயல்வீட்டு அன்னப்பிள்ளை, வாய் நிறைய வெற்றிலையோடு.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் ஏதாவது முறை சொல்லித்தான் கூப்பிடவேண்டும். ஏரம்பர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். யோகம்மா இரண்டு கையையும் சேர்த்து டப் டப்பென்று தட்டினாள். அவ்வளவுதான். பஸ்ரியாம்பிள்ளை எஞ்சினை நிறுத்தினான்.

"இது விதைப் பயறு" என்றாள் மெசினைப் பார்த்து. "கலியாண வீட்டுக்குப் பருப்பில்லை. உடையாமல் அடிக்க ஏலுமோ?"

"ஏலும்" என்றார் ஏரம்பர், அவளுடைய வண்டியைப் பார்த்து.

"நெல்லு அடிச்ச மெசின்தானே?"

"நெல்லுக்குப் பூட்டினதை வைச்சுப் பயறு அடிக்கேலாது. எல்லாத்தையும் மாத்தவேணும்."

"மாத்துங்கோ. இருக்கிறன்."

அவள் புளியமர வேரில் இருந்தாள். அன்னப்பிள்ளை பக்கத்தில் சாக்கை விரித்துச் சாய்ந்தாள். வெற்றிலை முடியுமுன் குறட்டை தொடங்கியது.

நெல்லுக்கு உருளை வேகமாகச் சுழலவேண்டும். பயற்றுக்கு அந்த வேகம் குண்டாந்தடி. சின்னக் கப்பியைக் கழற்றிப் பெரிய கப்பியைப் போட்டு வேகத்தை இறக்கினார்கள். உருளைக்கும் கீழேயிருக்கிற கம்பித் தொட்டிலுக்கும் இடையில் செடி போகிற இடைவெளி இருக்கிறதே, அதைத் திருகாணியால் அகட்டவேண்டும். நெருக்கினால் மணி உடையும், அகட்டினால் கோது வெடிக்காமல் அப்படியே வெளியே போகும். நெல் அரிதட்டை உருவிவிட்டுப் பெரிய கண் அரிதட்டுச் செருகினார்கள்.

முதல் கைப்பிடி ஊட்டினார்கள். ஏரம்பர் கொட்டியதில் ஒரு சிறங்கை அள்ளி அவளிடம் நீட்டினார். அவள் விரலால் கிளறினாள்.

"பாதி பருப்பு."

"பருப்பெண்டால் விலை கூட" என்றார் ஏரம்பர். கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப மண்ணிலை பருப்பை நட்டு, முளைச்சால் சொல்லுங்கோ."

பஸ்ரியாம்பிள்ளை எஞ்சினுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு இருமினான்.

இன்னும் அகட்டினார்கள். இரண்டாவது தரம் மணி ஒன்றும் உடையவில்லை. ஆனால் பின்னால் விழுந்த சருகை அவள் உதறியபோது வெடிக்காத கோதுகள் பொலபொலவென்று கொட்டின. திருகாணியை அரைச் சுற்று இறுக்கினார்கள். மூன்றாவது தரம் ஏரம்பர் சிறங்கையைத் தன் கையிலேயே வைத்துப் பார்த்தார். பச்சை மணி, முழு மணி. சருகைக் காலால் தள்ளிப் பார்த்தார். கோது எல்லாம் வெறும் கோது. மெசின் பயற்றுக்குப் பூட்டியாகிவிட்டது. இனி ஊட்டினால் இரண்டு பீடி நேரம். அளந்து கட்டிக்கொண்டு அவள் போய்விடுவாள். பிறகு கோயில் வீதி. பிறகு 'சுகமோ?'

"இன்னும் சரிவரேல்லை" என்றார் ஏரம்பர்.

பஸ்ரியாம்பிள்ளை அவரைப் பார்த்தான். சாவியை வாங்கிக்கொண்டு ஏரம்பரே குனிந்து அந்த அரைச் சுற்றைத் திருப்பிக் கழற்றினார். நாலாவது தரம் கோது வெடிக்கவில்லை. அவர் தலையை ஆட்டி, "பாரும், சொன்னனான்" என்றார். பிறகு காற்றாடியைக் குறைத்துப் பார்த்தார், கூட்டிப் பார்த்தார். காற்று எவ்வளவு அடித்தாலும் பயறு பறக்காது என்பது பருப்பு விற்ற அவருக்குத் தெரியாததா? கப்பியைத் தட்டிப் பார்த்தார். பெல்ட்டைக் கிள்ளினார். வெயில் புளியமரத்தின் மற்றப் பக்கத்துக்குப் போனது. நடுநடுவே யோகம்மா செடியைப் பிரித்துக் கொடுத்தாள். ஒருதரம் அவருடைய கைக்கும் அவளுடைய கைக்கும் நடுவில் ஒரு செடியளவு இடம்தான் இருந்தது.

"அண்ணை, எனக்குக் கடைசி பஸ் போயிடும்" என்றான் பஸ்ரியாம்பிள்ளை.

"போனால் இஞ்சை படுமன்."

"ரெண்டு தரம் கழட்டின திருகாணியை நாளைக்கு நெசவுக்குத்தான் விக்கலாம், தேய்ஞ்சு நூலாய்ப் போயிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டு அவன் தண்ணீர் குடிக்கக் கிணற்றடிக்குப் போனான். தேவைக்கு மேலே நேரம் எடுத்துத்தான் போனான்.

யோகம்மா எழும்பி மெசினுக்குப் பக்கத்தில் வந்தாள். சேலைத் தலைப்பை அவிழ்த்து உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு பிடி பயறு. பச்சை மணி, முழு மணி.

"மூண்டாந்தரம் விழுந்தது" என்றாள். "அப்பவே சரியாய்த்தான் இருந்தது. ஏன் திருப்பிக் கழட்டினீங்கள்?"

ஏரம்பருடைய வாய், பழக்கத்தில், பூட்டிக்கொண்டது. முதலில் பேசினவன் நட்டப்படுவான். விசுக்கோத்துத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்த முறை பார்த்துக்கொண்டிருக்கத் தட்டும் இல்லை, எழும்பிப் போகத் தகப்பனும் இல்லை. கையில் சாவி மட்டும் இருந்தது.

"சரியாய்ப் பூட்டினால் நீர் போயிடுவீர்" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். நாற்பத்தைந்து வயதில் இதைச் சொல்லுகிறவனுடைய முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் அதை மெசின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

யோகம்மா அந்தப் பிடிப் பயற்றை ஒவ்வொரு மணியாகச் சாக்குக்குள் விட்டாள். அன்னப்பிள்ளையின் குறட்டை ஒருதரம் தடுக்கி, பிறகும் ஓடியது.

"இதை அண்டைக்கு அப்பாவுக்கு முன்னாலை சொல்லியிருந்தால் அது நெல்லு வயல்" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அது அறுத்து முடிஞ்சுது. இப்ப அதிலை வேறை விளையுது. எல்லாத்தையும் மாத்தவேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"ஓம்."

"பூட்டுங்கோ. பொழுது படுகுது."

ஏரம்பர் குனிந்து அரைச் சுற்று இறுக்கினார். அது கொஞ்சம் கூடிப்போக, திருப்பிச் சரிபண்ணினார். இந்த முறை அது நடிப்பில்லை.

பஸ்ரியாம்பிள்ளை வந்து ஊட்டினான். மெசின் வண்டிப் பயறு முழுவதையும் தின்று பச்சையாய்க் கொட்டியது. அன்னப்பிள்ளை எழும்பி, "இன்னும் முடியேல்லையோ? நானெண்டால் இதுக்குள்ளை பிட்டும் அவிச்சுக் கறியும் வைச்சிருப்பன்" என்று சாக்கைப் பிடித்தாள்.

யோகம்மா கொத்தை எடுத்து அளந்தாள். ஊர் வழக்கப்படி முதல் கொத்துக்கு ஒன்று என்று சொல்வதில்லை.

"லாபம்" என்றாள். பிறகு, "இரண்டு, மூண்டு..."

அந்த முதல் சொல்லை அவளுடைய வாயால் கேட்க ஏரம்பர் மெசினையே கொடுத்திருப்பார். நாற்பத்தாறில் அளவு முடிந்தது. கூலிச் சாக்கில் அவள் நாலு கொத்துப் போட்டாள். பத்துக்கு ஒன்றென்றால் இன்னும் அரைக் கொத்துக்குமேல் சொச்சம் வரும். அவளுக்குக் கணக்குத் தெரியாததல்ல. குவியலில் பயறு இல்லாததுமல்ல.

"மிச்சம் ஆடியிலை எள்ளோடை தாறன்" என்றாள்.

'சொச்சத்தை விடும்' என்று ஏரம்பரின் நாக்கு நுனிவரை வந்தது. பெருந்தன்மை காட்டவேண்டிய இடமல்லவா? ஆனால் விட்ட கடன் மூடின கணக்கு. மூடின கணக்குக்காரி படலைக்கு வரத் தேவையில்லை. பல்லைக் கடித்து நாக்கைப் பிடித்தார். வாயை மூடிக்கொண்டு அவர் லாபம் கண்டது வாழ்க்கையில் இந்த ஒரு வியாபாரத்தில்தான்.

வண்டி திரும்பியது. படலையடியில் அவள் நின்றாள்.

"எள்ளுக்கு மாத்தக் கன நேரம் பிடிக்குமோ?"

"எள்ளு சின்ன மணி" என்றார் ஏரம்பர். "காத்தை அடைக்கவேணும். கண் சின்ன அரிதட்டுப் போடவேணும். பொருத்து ஒவ்வொண்டாலையும் ஒழுகும், எல்லாத்துக்கும் சீலை வைக்கவேணும். பயற்றைப்போலை இல்லை. நாள் முழுக்க வேணும்."

"ஆறுதலாய்ச் செய்யுங்கோ" என்றாள் யோகம்மா. ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்தாள்.

பஸ்ரியாம்பிள்ளை படலையைச் சாத்த வந்தான். "சாத்தவேண்டாம்" என்றார் ஏரம்பர். இந்த முறை நடந்து போனது அவள். கூப்பிடாமல் பார்த்துக்கொண்டு நின்றது அவர். ஒழுங்கை முடக்கில் வண்டிச் சில்லின் சத்தமும் தேய்ந்தபிறகு, வளவுக்குள் வந்து கூலிச் சாக்கைக் கட்டினார்.

அன்றைய கணக்கு: வரவு, பயறு நாலு கொத்து. உடைசல், ஒரு சிறங்கை. 'அண்ணை', ஒன்றும் இல்லை. 'இஞ்சேருங்கோ', அதுவும் இல்லை. நிலுவை, அரைக் கொத்துச் சொச்சம்; தவணை, ஆடி மாதம், எள்ளோடு.