ஒக்ஸ்போர்ட் மட்டும் வேண்டாம்

மங்கையற்கரசி நான்கு தடவை இங்கிலாந்துக்குப் போயிருக்கிறாள். ஆனால் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. நான்கு தடவையும் கலியாணவீடு. ஹீத்ரோவில் இறங்கினால் யாராவது ஒரு மச்சான் காரோடு நிற்பார். ஹரோவில் தங்க ஒரு வீடு, வெம்பிளியில் மண்டபம், ஈலிங்கில் கோயில், ஈஸ்ற்ஹாமில் சேலைக்கடை. பிறகு மறுபடி விமானம். கனடாவில், மார்க்கம் நகரில் அவள் வேலைசெய்யும் வங்கியில், கூட நிற்கும் பெண்கள் என்ன பார்த்தாய் என்று கேட்டால், கலியாணப் படங்களைத்தான் காட்டுவாள்.

ஐந்தாவது கலியாணம் போன வருடம் வந்தது. அவளுடைய கணவர் நவரட்ணத்தின் தங்கை மகளுக்கு ஹரோவில் முகூர்த்தம். இந்த முறை விடுவதில்லை என்று மங்கையற்கரசி முடிவு செய்துகொண்டாள். யூனியன்வில்லில் அவர்களுடைய சமையலறை மேசையில் மகள் நிலாணி மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"கலியாணம் முடிஞ்ச அடுத்த நாளே வெளிக்கிடுறம். கேம்பிரிட்ஜ், யோர்க், பாத், ஒக்ஸ்போர்ட். ஒரு சொந்தக்காரர் வீட்டையும் போறேல்லை," என்றாள் மங்கையற்கரசி.

நவரட்ணம் மிசிசாகாவில், விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். தேநீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரி. ஒக்ஸ்போர்ட் மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"அங்கை என்ன கிடக்கு? பழைய பள்ளிக்கூடங்கள்."

"கேம்பிரிட்ஜும் அதுதானே அப்பா," என்றாள் நிலாணி. "சேம் திங்."

"அப்ப ஒண்டைப் பாத்தாக் காணும்."

அவர் வாதாடுகிற மனிதரல்ல. மங்கையற்கரசி அதைத் தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு ஒக்ஸ்போர்ட்டுக்கும் அறை பதிவு செய்யச் சொல்லிவிட்டாள். வந்து பார்த்தால் பிடிக்கும் என்று நினைத்தாள்.

பயணம் நன்றாகவே தொடங்கியது. கேம்பிரிட்ஜில் ஒரு மாணவன் நீண்ட கழியை ஊன்றி அவர்களைத் தட்டைப் படகில் கல்லூரிகளின் பின்புறமாகக் கொண்டுபோனான். நவரட்ணம் அவனிடம் ஆறு எவ்வளவு ஆழம், குளிர்காலத்தில் உறையுமா, கழி சேற்றில் சிக்கினால் என்ன செய்வாய் என்று விடாமல் கேட்டார். யோர்க்கில் மதில்மேல் நடந்தபோது மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று படம் எடுத்தார். பாத்தில் பார்வையாளருக்குக் குடிக்கக் கொடுக்கிற வெந்நீரூற்றுத் தண்ணீரை மங்கையற்கரசி ஒரு மிடறோடு வைத்துவிட்டாள். அவர் முழுக் குவளையையும் குடித்துவிட்டு, "இரும்புச் சட்டி கழுவின தண்ணி மாதிரிக் கிடக்கு," என்று சிரித்தார். கலியாணவீடுகளில் கதிரையில் ஒதுங்கி இருக்கும் மனிதர் இவர்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

பாத்திலிருந்து ஒக்ஸ்போர்ட்டுக்கு ரயிலேறியபோது அந்த மனிதர் காணாமற்போய்விட்டார். கேட்டதற்குத் தலையாட்டினார். மற்றபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நிலையத்துக்கு வெளியே நிலாணி தொலைபேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவர்களை ஒரு மேம்பாலத்துக்குக் கீழே போகச் சொன்னது.

"உதாலை வேண்டாம்," என்றார் நவரட்ணம். "நேர போ. கோட்டை மேடு வரும். அதைத் தாண்டினால் கடைத்தெரு. பிறகு ஒரு மணிக்கூட்டுக் கோபுரம்."

மேடு வந்தது. கடைத்தெரு வந்தது. மணிக்கூட்டுக் கோபுரமும் வந்தது. பெரிய தெருவில் தேவாலயத்துக்குப் பக்கத்து ஒழுங்கையால் திரும்பி, வட்டமான குவிமாடக் கட்டடத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"உது நூல்நிலையம். கண்டபாட்டுக்கு உள்ளை விடமாட்டினம். அங்காலை, ரெண்டு கட்டடத்துக்கு நடுவிலை தெருவுக்கு மேலாலை ஒரு பாலம் இருக்கும்."

"அப்பா, யூ ஹாவ் பீன் ஹியர்?" என்று நிலாணி கேட்டாள்.

"இல்லை."

"அப்ப எப்பிடித் தெரியும்?"

"படத்திலை பாத்தனான்."

மங்கையற்கரசி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த தேநீர்க்கடைக்கு இருவரையும் அழைத்துக்கொண்டு போனாள். தேநீர் வந்ததும், "இப்ப சொல்லுங்கோ," என்றாள்.

அவர் சொன்னார். சரக்குப் பெட்டி ஏன் தாமதமானது என்று மேலாளருக்கு விளக்குகிற அதே குரலில் சொன்னார்.

கனடாவுக்கு வருவதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில் அகதியாகப் பதிந்திருந்தார். விண்ணப்பம் முடிவாகும்வரை ஆட்களை அடைத்து வைக்கும் ஒரு தடுப்பு இல்லத்துக்கு அவரை ஒரு மூடிய வாகனத்தில் கொண்டுபோனார்கள். அது இந்த நகரத்துக்கு வெளியே வயல்களுக்கு நடுவில் இருந்தது. உயரமான கம்பிவேலி. ஒரு குளிர்காலமும் அதைத் தாண்டியும் அங்கே இருந்தார். நகரத்தை ஒருநாளும் பார்க்கவில்லை.

"ஆரும் வந்து பாக்கேல்லையா?" என்று மங்கையற்கரசி கேட்டாள்.

"ஸ்டெபனி எண்டு ஒரு மனுசி புதன்கிழமையிலை வருவா. சொந்தமில்லை, வேலையுமில்லை. எங்களைப் போல ஆக்களோடை வந்து கதைக்கிறதுக்கு ஊரிலை ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. எனக்கு அப்ப இங்கிலிஷ் வராது. அவ போஸ்ற்காட் கொண்டருவா. இது கோட்டை, இது பாலம், இது கோபுரம் எண்டு காட்டிச் சொல்லித் தருவா. ஒரு நாள் ஸ்ரேசனிலையிருந்து நடக்கிற வழியைக் கீறித் தந்தவ. நான் எல்லாத்தையும் சுவரிலை ஒட்டி வைச்சனான். பசை தரமாட்டாங்கள். பல்லுத் தீட்டுற பேஸ்ற்தான்."

நிலாணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"படுத்துக்கிடந்து அதுக்குள்ளாலை நடப்பன். வேறை என்ன வேலை? பிறகு ஒரு நாள் விடிய வந்து, சாமானை எடு எண்டாங்கள். லண்டனுக்கு மாத்திப்போட்டாங்கள். அவவுக்குச் சொல்ல ஏலாமல் போச்சு."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே," என்றாள் மங்கையற்கரசி. குரலை உயர்த்தவில்லை. ஆனால் கோபமாகத்தான் இருந்தாள். அவருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எந்தச் சட்டையின் கழுத்து அரிக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். லண்டனில் கொஞ்சக் காலம் இருந்தார் என்பதும் தெரியும். ரொறன்ரோவில் யாரும் யாரிடமும் வந்த வழியைத் துருவிக் கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

"கலியாணம் முடிச்ச புதுசிலை சொல்ல வெக்கமாயிருந்தது. பிறகு சொல்ல ஒரு காரணமும் வரேல்லை."

"ஏன் வரமாட்டன் எண்டீங்கள்?"

"என்ரை தலைக்குள்ளை இந்த ஊர் நல்லாயிருந்தது, மங்கை. நேரை வந்தால் வேலிதான் ஞாபகம் வரும் எண்டு நினைச்சன்."

"வந்ததா?"

"இன்னும் வரேல்லை."

நிலாணி அந்தத் தடுப்பு இல்லத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். டக்ஸி பிடிக்கலாம் என்று தொலைபேசியை எடுத்தாள். நவரட்ணம் வேண்டாம் என்றார். அதற்குப் பதிலாகத் தேவாலயக் கோபுரத்தில் ஏறலாம் என்றார். அந்தப் படம் சுவரில் தலைமாட்டில் இருந்ததாம்.

படிகள் சுருண்டு சுருண்டு போயின. எதிரே இறங்கி வருபவர்களுக்குச் சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டியிருந்தது. மங்கையற்கரசிக்கு மூச்சு வாங்கியது. நடுவில் நின்று, தான் இறங்கிவிடுகிறேன் என்று சொன்னாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே காற்று பலமாக இருந்தது. கீழே குவிமாடம், முற்றங்கள், மஞ்சள் கல், வெட்டிவிட்ட புல். அவர் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"எந்தப் பக்கம்?" என்று அவள் கேட்டாள்.

அவர் வடக்கே கையை நீட்டினார். அங்கே கூரைகளும் அவற்றுக்கு அப்பால் மரங்களும் மட்டுமே தெரிந்தன. அவள் அந்தத் திசையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரொறன்ரோவுக்குத் திரும்பிய பிறகும் நிலாணி விடவில்லை. தடுப்பில் இருப்பவர்களைப் பார்க்கப்போகும் கூட்டம் ஒன்று அந்தப் பகுதியில் இன்னமும் இயங்குவதைக் கண்டுபிடித்து, தகப்பனிடம் கேட்டுக்கொண்டே மின்னஞ்சல் எழுதினாள். ஸ்டெபனி என்ற பெயரைத் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. நீண்ட நாட்கள் பதிலில்லை. பனி விழத் தொடங்கிய பிறகுதான் வந்தது. ஸ்டெபனி உயிரோடு இருக்கிறார், வேல்ஸில் மகனுடன் வசிக்கிறார், பேச விரும்புகிறார்.

ஒரு ஞாயிறு காலை நவரட்ணம் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். திரையில் வெள்ளை முடியை ஒட்ட வெட்டிய ஒரு மூதாட்டி தெரிந்தார். காது சரியாகக் கேட்கவில்லை. நவரட்ணம் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னார். ஸ்டெபனி அவரை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், உங்களை எனக்கு ஞாபகமில்லை என்றார். அத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்றார்.

தபாலட்டைகளைப் பற்றி அவர் சொன்னதும் ஸ்டெபனி சிரித்துவிட்டார். ஒரு கடையை மூடியபோது பெட்டியோடு கிடைத்தவையாம். கையில் வேறு ஒன்றும் இருக்கவில்லை, பாஷையும் இல்லை, அதனால் எல்லோருக்கும் அவற்றையே காட்டிக்கொண்டிருந்தேன் என்றார். கோபுரத்தில் ஏறினோம் என்று நவரட்ணம் சொன்னார். நான் ஒருநாளும் ஏறியதில்லை, உயரம் எனக்குப் பயம் என்றார் ஸ்டெபனி. பிறகு கனடாக் குளிரைப் பற்றிக் கேட்டார். மங்கையற்கரசி முன்னால் வந்து கைகூப்பி, எப்போதோ தயார்செய்து வைத்திருந்ததைப்போல ஆங்கிலத்தில் நன்றி சொன்னாள். மகன் வந்து, அம்மா களைத்துவிட்டார் என்று சொன்னதும் திரை அணைந்தது.

"உங்களை மறந்துபோனாவே," என்றாள் மங்கையற்கரசி. அவளுக்குத்தான் தாங்கவில்லை.

"எத்தினை பேரெண்டு அவ ஞாபகம் வைச்சிருக்கிறது?" என்றார் அவர். "நல்லாயிருக்கிறா. அது காணும்."

அன்று பின்னேரம் பிக்கரிங்கில், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் ஜெயந்தன் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டம். நிலாணி முன்னதாகவே போய்விட்டாள். நெடுஞ்சாலையில் பனித்தூவல். அவர் மெதுவாக ஓட்டினார்.

"லண்டனுக்கு மாத்தின பிறகு எங்கை வைச்சிருந்தவங்கள்?" என்று மங்கையற்கரசி கேட்டாள்.

அவர் சொல்லத் தொடங்கினார். லண்டனில் ஒரு விடுதி, அங்கே கூட இருந்த ஒரு மன்னார்ப் பெடியன், யாரோ கொடுத்த பெரிய அளவுக் கோட்டு, பொய்ப் பெயரோடு ஏறிய விமானம். அவள் இடையிடையே கேட்டாள். அவர் தவறிச் சொன்னவற்றைத் திருத்திச் சொன்னார். ஜெயந்தன் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது கதை ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில், அதிகாரிக்கு முன்னால் நின்றது.

ஜெயந்தன் கதவைத் திறந்து, உள்ளே வரும்படி கையை ஆட்டினார். மங்கையற்கரசி கண்ணாடிக்குள்ளால் பதிலுக்குக் கையசைத்தாள்.

"அவையள் இருக்கட்டும்," என்றாள். "ஹீற்றரைப் போடுங்கோ. அந்த ஒபிசர் என்ன கேட்டவன்?"