வளைவுக்கு முன்னால்

சாய்ந்து திரும்பிக்கொண்டிருந்த வண்டி சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது மூன்றாவது வளைவில். மழை ஓய்ந்து ஈரம் காயாத மலைச்சாலை. இடப்பக்கம் பாதி திரும்பியிருந்தபோது எதிரே லாரி ஹாரன் அடித்தது. ஓட்டிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் கை அவனைக் கேட்காமலே முன் பிரேக்கை இறுக்கியது. வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து, நடுக்கோட்டைப் பார்த்து ஓடியது. பின்னால் மாமியார் அலறிக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து தன் பங்குக்கு இழுத்தாள். பிரேக்கை விட்டான், மறுபடி சாய்த்தான். லாரி உரசாத குறையாகக் கடந்து போனது.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். இரண்டு வருடமாக மாமியாரை நேருக்கு நேர் பார்த்ததில்லை. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளை மன்னித்துவிட்டாள்; லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அவனை மட்டும் மன்னிக்கவில்லை. மகளிடம் பேசும்போதுகூட 'உன் லிஃப்ட்காரன்' என்பாள். இன்று மதியம் மகளுக்கு நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது. மண் சரிந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் அழுதது ஒன்றுதான்: "அம்மாவக் கூட்டிட்டு வந்துடு." போய் நின்றான். மாமியார் அவன் நீட்டிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி, இருவருக்கும் நடுவில் துணிப்பையைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"என்ன வேகம் இது?" என்றாள் இப்போது.

"வேகமில்ல அத்தை. நேரா போகும்போதே கொறச்சிருக்கணும். சாஞ்சப்புறம் முன் பிரேக்க இறுக்குனா வண்டி நிமிந்துக்கும், வெளிய ஓடிடும்."

"தெரிஞ்சும் ஏன் பிடிச்சீங்க?"

"பயந்துட்டேன்."

வீறாப்பாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தவள் போல அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கி, அவனே தொடர்ந்தான். "நீங்களும் எதிர்ப்பக்கம் இழுக்கறீங்க. நான் சாயற பக்கம் சும்மா கூட வந்தாப் போதும்."

"உங்க பக்கம் சாயணுங்கிறீங்க."

அது வேறு மாதிரியும் கேட்டது. இருவரும் பள்ளத்தாக்கைப் பார்த்தார்கள். பிறகு அவள் பையைத் தோளில் மாட்டி முதுகுக்குத் தள்ளிவிட்டு ஏறினாள். அவன் சட்டையைப் பிடிக்கலாமா என்று தயங்கிய விரல்கள், வண்டி கிளம்பியதும் இடுப்பருகே கொத்தாகப் பிடித்துக்கொண்டன.

அடுத்த வளைவுக்கு முன், வண்டி நிமிர்ந்திருக்கும்போதே பிரேக்கை அழுத்தினான், கியரைக் குறைத்தான், மெல்ல விட்டுவிட்டுச் சாய்ந்தான். முதுகுக்குப் பின்னாலிருந்த கனம் ஒரு கணம் யோசித்தது. பிறகு அவனோடு சேர்ந்து வந்தது. வண்டி கோடு போட்டதுபோல் திரும்பியது. இவ்வளவு லேசாகத் திரும்பும் வண்டியா இது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

அதற்கடுத்த வளைவிலேயே அதிகாரம் வந்துவிட்டது. "இப்பப் பிடிங்க. ம், போதும், விடுங்க. விடுங்கன்னு சொல்றேன்ல!"

"விட்டுட்டேன் அத்தை."

"வாய் பேசாம ரோட்டப் பாருங்க."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினாள். அவன் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டுப் படியேறியபோது பிரசவ வார்டின் கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாமியார் ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்து, மகளின் முகத்தின்மேல் குனிந்திருந்தாள். ஒரு கையால் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்த மகள், பல்லைக் கடித்துக்கொண்டே மறு கையால் அம்மாவின் தலையைச் சுட்டிக்காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.