முன்வரிசையில் ஒரு நாற்காலி

கல்யாணத்துக்கு ஐடியா கொடுப்பதுதான் என் தொழில். மண்டபம், பூ, விளக்கு, மேஜை விரிப்பின் நிறம், யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை நான் சொல்வதுதான். கூட வேலை பார்ப்பவர்கள் எனக்கு வைத்த பெயர் ஐடியா அக்கா. நிச்சயமான ஜோடிகள் போனில் நூறு படங்களைச் சேர்த்துக்கொண்டு வந்து, இதே மாதிரி வேண்டும் என்று நிற்பார்கள். படத்தில் கடற்கரை இருக்கும்; இவர்கள் பிடித்திருக்கிற மண்டபத்துக்குப் பின்னால் லாரி ஷெட் இருக்கும். நானும் முகத்தைச் சுளிக்காமல் லாரி ஷெட்டை மறைக்க வழி சொல்வேன். மறைப்பதில் எனக்கு நல்ல கை.

அந்தப் பெண் படம் எதுவும் கொண்டுவரவில்லை. கண்ணாடிக் கடையில் கண் சோதித்து பவர் எழுதிக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கையில் ஒரு நோட்டு. அதில் அம்மா வழி, அப்பா வழி என்று பிரித்து விருந்தாளிகளின் பெயர்கள். மொத்தம் முந்நூற்று இருபது. கூட வந்த மாப்பிள்ளை எலெக்ட்ரீஷியன். என் ஆபீஸ் டியூப்லைட் மினுக்குவதைப் பார்த்தவன், பேச்சுக்கு நடுவிலேயே ஸ்டூலைப் போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டு இறங்கி, விட்ட இடத்திலிருந்து பேசினான். எனக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. அவனுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதலாவது ஒரு வருடம்கூட நிற்கவில்லை. கல்யாணத்தை எதிர்க்கப் பெண்ணின் அப்பாவுக்கு அந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

அடுத்த முறை வந்தபோது நோட்டில் பாதிப் பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. அப்பா ஒவ்வொரு சொந்தக்காரராகப் போன் போட்டு, அந்தக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் தன் வாசலை மிதிக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. அகர வரிசைப்படி போயிருப்பார். சித்தி கடைசிவரை வருகிறேன் என்றவள், திடீரென்று முழங்கால் வலி என்றாளாம். மாமாவுக்கு வெளியூரில் வேலை வந்துவிட்டதாம். ஒவ்வொரு வாரமும் அந்தப் பெண் வருவாள், நோட்டைப் பிரிப்பாள், கோடு போட்ட பெயர்களைக் காட்டுவாள். நானும் ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஐடியா கொடுத்தேன். பெரிய மண்டபத்தை விட்டுவிட்டு ஒரு பழைய கட்டடத்தின் மாடி ஹாலுக்கு மாறினோம். நீள வரிசைகளை எடுத்துவிட்டு நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டோம். பின்பக்கம் காலியாகத் தெரியாமலிருக்க வெள்ளைத் திரை, அதன் மேல் சின்ன விளக்குகள். மாப்பிள்ளையே வந்து அந்த விளக்குகளைக் கட்டினான்.

கடைசியில் அவள் பக்கம் பதினோரு பேர் மிஞ்சினார்கள். கண்ணாடிக் கடை முதலாளியம்மா, கூட வேலை பார்ப்பவர்கள், பள்ளித் தோழிகள் இரண்டு பேர். சொந்தம் என்று சொல்ல ஒருத்தரும் இல்லை.

அம்மா மட்டும் இன்னும் முடிவு சொல்லவில்லை. அந்த அம்மா மகளோடு பேசுவது குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான். ஒருமுறை என் ஆபீஸில் இருக்கும்போதே அந்தப் போன் வந்தது. பேச்சு எனக்குக் கேட்கவில்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம்தான் கேட்டது. வழி கேட்க உதவும் என்று என் நம்பரையும் இவள் அம்மாவுக்குக் கொடுத்தாள். வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்குது. முன்னாடி ஒரு நாற்காலி போட்டு வைன்னு. வர முடிஞ்சா வந்து பேசாம உட்கார்ந்து பார்த்துட்டுப் போயிடுறேங்குது."

போட்டுவிடலாம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் மூன்றாவது முறையாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்றேன். பாவம், சிரித்தாள்.

என் தொழிலில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. படத்தில் காலி நாற்காலி விழக் கூடாது. அலங்காரம் எவ்வளவு இருந்தாலும், பார்க்கிறவர் கண் நேரே அந்தக் காலி இடத்துக்குத்தான் போகும். அதன் பிறகு வாழ்நாள் முழுக்க அந்த ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம், யார் வரவில்லை என்பதுதான் பேச்சாக இருக்கும். ஆரம்ப காலத்தில் ஒரு கல்யாணத்தில் அப்படி நடந்து, நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து நிகழ்ச்சி தொடங்குவதற்குள் இடைவெளிகளை மூடிவிடுவேன்.

கல்யாணத்தன்று, பதிவு செய்துவைக்கப் பதிவாளர் பத்து மணிக்கே வந்துவிட்டார். முன்வரிசை நடுவில் அந்த நாற்காலி. அதன் முதுகில் ஒரு வெள்ளைப் பூங்கொத்தைப் பெண்ணே கட்டியிருந்தாள். பத்தேகால் வரை காத்திருந்தோம். பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில் யாரோ, அது யாருக்கு என்று கிசுகிசுத்தார்கள். பெண் மாடிப்படியைப் பார்ப்பாள், நாற்காலியைப் பார்ப்பாள், மறுபடி படியைப் பார்ப்பாள். கண் மை கலங்க ஆரம்பித்தது. எனக்குத் தாங்கவில்லை. இந்தப் பெண் தன் கல்யாணம் முழுக்க ஒரு காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கப்போகிறாளே என்று தோன்றியது.

பத்து இருபதுக்கு நான் போய் அதைத் தூக்கினேன். முதலாளியம்மாவை நகர்ந்து உட்காரச் சொன்னேன். இடைவெளி மூடிக்கொண்டது. நாற்காலியை மடக்கித் திரைக்குப் பின்னால் சாத்தினேன். பூங்கொத்து கீழே விழுந்தது. எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஐந்து நொடி வேலை. திரும்பியபோது பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே கேட்டாள். அம்மா வரவில்லை என்பதுபோல் நான் மெல்லத் தலையை ஆட்டினேன். அவள் பேனாவை எடுத்தாள்.

கையெழுத்து முடிந்து எல்லாரும் சாப்பாட்டு மேஜைக்கு நகர்ந்தபோது என் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா உங்களுக்கு போன் பண்ணிச்சாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பாள். பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"ஆமாம்மா. வர முடியலையாம்."

"என்கிட்ட சொல்லாம உங்ககிட்ட சொல்லிச்சா?" என்று மட்டும் கேட்டாள். தட்டுகளை எண்ணுவதுபோல் நான் திரும்பிக்கொண்டேன். அவளும் நிற்கவில்லை, சிரித்த முகத்தோடு விருந்தாளிகளிடம் போய்விட்டாள். நல்லபடியாக முடித்துக் கொடுத்துவிட்டோம் என்று நானும் நிம்மதியாக இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து போட்டோகிராபர் படங்களை அனுப்பினார். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்து முதலில் நான் அடுக்கித் தருவதுதான் வழக்கம். கையெழுத்து மேஜைப் பக்கம் நின்று விருந்தாளிகளின் முகங்களை எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன. முதல் படத்தில் பின்னால், திரையை ஒட்டிய வாசல் காலியாக இருந்தது. அடுத்ததில் வாசலில் ஒரு பெண்மணி. காப்பி நிறப் புடவை, தோளில் துணிப்பை, படியேறி வந்த மூச்சு முகத்தில் தெரிந்தது. அதற்கடுத்ததில் எக்கி நின்று முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்ணின் அதே நெற்றி, அதே தாடை. நாலாவதில் முதுகு. ஐந்தாவதில் வாசல் மறுபடி காலி. படத்தின் ஓரத்தில் நேரம் இருந்தது. பத்து இருபத்து நாலு.

அன்றைக்கு விருந்தாளிகளுக்குப் பூக் கொடுக்க நான் வாசலில் நிறுத்தியிருந்த பூக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன். அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஆமாக்கா, ஒரு அம்மா வந்தாங்க. முன்னாடி நாற்காலி காலியா இருக்கான்னு கேட்டாங்க. முன்னாடி நிறைஞ்சிடுச்சு, பின்னாடி உட்காருங்கன்னேன். இல்லம்மா, எனக்குன்னு ஒண்ணு வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்னாங்க. கொஞ்ச நேரம் நின்னுட்டு இறங்கிட்டாங்க."

இரண்டு நாள் நான் எதுவும் செய்யவில்லை. செய்யவில்லை என்று சொல்வதும் பொய். அந்தப் படங்களை அழித்துவிடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அழித்தால் யாருக்கும் தெரியாது. பூக்காரப் பெண் மறந்துவிடுவாள். லாரி ஷெட்டையே மறைத்தவளுக்கு இது ஒரு வேலையா? ஆனால் ஒவ்வொரு முறை படத்தைத் திறக்கும்போதும் அந்த அம்மா எக்கி எக்கித் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தேடுகிற இடத்தில் முதலாளியம்மா வசதியாக உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை கண்ணாடிக் கடைக்குப் போனேன். பெண் ஆல்பம் வந்துவிட்டதென்று நினைத்துச் சந்தோஷமாக உள்ளறைக்குக் கூட்டிப்போய், கண் சோதிக்கிற நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். எதிரே சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் எழுத்துகள். நான் அவற்றைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலியை எடுத்தது, போன் வராதது, வாசலில் பூக்காரப் பெண்ணிடம் அம்மா சொன்னது. பிறகு படங்களைக் காட்டினேன்.

கத்துவாள், வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, அம்மா எக்கி நிற்கும் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து எனக்குக் காட்டினாள். கல்யாணத்துக்கு மறுநாள் அம்மாவுக்கு அனுப்பிய செய்தி அது. 'நாற்காலி போடச் சொன்ன. போட்டேன். வரலைன்னு யாரோ ஒருத்தர்கிட்ட சொல்ல முடிஞ்சுது, என்கிட்ட சொல்ல முடியலை. இனிமே எனக்குப் போன் பண்ணாத.'

கீழே அம்மாவின் பதில் இருந்தது. 'சரி கண்ணு.'

தான் வந்திருந்ததை அந்த அம்மா சொல்லவில்லை. போடாத நாற்காலியைப் போட்டதாகச் சொல்லி மகள் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்றே நினைத்திருக்க வேண்டும். அதன் பிறகு குழாய்ச் சத்தத்தோடு போன் எதுவும் வரவில்லையாம்.

பெண் அங்கேயே நின்று அம்மாவுக்கு அழைத்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. மறுபடி அழைத்தாள். போனைப் பெண்ணின் அப்பா வாங்கி வைத்திருக்கலாம், அந்த அம்மாவே அணைத்துப்போட்டிருக்கலாம், யாருக்குத் தெரியும். பிறகு அந்தப் படத்தை அனுப்பி, கீழே எழுதினாள். 'நாற்காலி இருந்துச்சும்மா.' ஒரே ஒரு டிக் விழுந்தது; போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவில்லை.

வெளியே வாடிக்கையாளர் காத்திருப்பதாக முதலாளியம்மா குரல் கொடுத்தார். ஐந்து நிமிடம் என்றாள் பெண். நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரு டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் பத்து நிமிடமாயிற்று. என் பைக்குள் அந்தப் பூங்கொத்து காய்ந்துபோய் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டாள். கோபமே இல்லாமல், வாராவாரம் நோட்டைப் பிரித்துவைத்துக் கேட்கிற அதே குரலில் என்னிடம் கேட்டாள்.

"இதுக்கு ஏதாவது ஐடியா இருக்காக்கா?"

அடுத்த ஆள் உட்காருவதற்காக நான் எழுந்துகொண்டேன்.