லேப் பேரில் வந்த மெயில்

வரவேற்பு மேஜைப் பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோதே அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"முத்திரைக்காரி, கொஞ்சம் வெளிய வாயேன். காலையிலேருந்து போன் விடாம அடிக்குது. எல்லாரும் எனக்கு என்ன நோய்னு கேட்டு அழறாங்க. நான் என்னன்னு சொல்றது?"

முத்திரைக்காரி என்பது அந்த ரத்தப் பரிசோதனை லேபில் இவளுக்கு வைத்த பட்டப்பெயர். மெயில், சர்வர், டொமைன் எல்லாம் இவள் பொறுப்பு. லேபிலிருந்து போகிற ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை விழும். வாங்குகிற சர்வர் அதைச் சோதித்து, இது நிஜமாகவே லேப் அனுப்பியதுதான் என்று தெரிந்துகொள்ளும். இந்தக் கதையைச் சாப்பாட்டு நேரத்தில்கூட எடுத்துவிட்டு எல்லார் கழுத்தையும் அறுத்ததால் வந்த பேர் அது.

சரி, முத்திரை இல்லாமல் ஒரு மெயில் லேப் பேரைச் சொல்லிக்கொண்டு போனால்? அதை என்ன செய்ய வேண்டும் என்று டொமைனுக்கு, அதாவது முகவரியில் வரும் லேப் பேருக்கு, சொந்தக்காரர்தான் ஊருக்கெல்லாம் அறிவித்து வைக்க வேண்டும். சும்மா கவனி, இல்லை ஒதுக்கி வை, இல்லை திருப்பி அடி. இவள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் 'சும்மா கவனி' என்று போட்டாள். ஒரு மாசம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு. அப்புறம் என்ன, எல்லாரும் செய்கிற காரியம்தான். லேப் பேரில் யார் யார் மெயில் அனுப்பினார்கள் என்று தினமும் வருகிற அறிக்கைகளை ஒரு ஃபோல்டரில் தள்ளிவிட்டாள். அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது திறந்தாள். போன வாரம் நாளுக்குப் பத்து இருபது போலி மெயில். எவனோ ஆழம் பார்த்திருக்கிறான். நேற்று ஒரே நாளில், ஊரில் கிடைத்த முகவரிக்கெல்லாம், ஆறாயிரம்! 'உங்கள் ரத்தத்தில் ஆபத்தான மாற்றம். உடனே இந்த லிங்கைத் திறந்து, மெயில் பாஸ்வேர்டைக் கொடுத்து முடிவைப் பாருங்கள்.' மேலே லேபின் முகவரி, ஓர் எழுத்து பிசகாமல். பாவி, அவள் கதவைத் திறந்து போட்டிருந்தாள், அவன் நேராக உள்ளே வந்துவிட்டான்.

அவளுக்குச் சட்டென்று அக்கா ஞாபகம் வந்தது. கால் முழுக்க நீல நீலமாக ரத்தம் கட்டி, பத்து நாளாக அக்கா சோர்ந்து கிடந்தாள். இவள்தான் திட்டித் தீர்த்து, நேற்று லேபுக்கு இழுத்துவந்து ரத்தம் கொடுக்க வைத்தாள். போனை எடுத்தாள். அக்கா நம்பரை அழுத்தினாள்.

"அக்கா, எங்க லேப் பேர்ல மெயில் எதாவது வந்துச்சா?"

"வந்திருக்குடி. ஆபத்து அது இதுன்னு போட்டிருக்கு. திறக்கவே பயமா இருக்கு."

"திறக்காத! அது போலி. சத்தியமா போலி. அழிச்சிடு. இனிமே எங்க பேர்ல எது வந்தாலும் பார்க்காம அழி. லேப்னு சொல்லிப் போன் வந்தாலும் எடுக்காத. ரிசல்ட் வந்ததும் நானே கூப்பிடறேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல," என்றாள், ஏதோ தெரிந்தவள் மாதிரி.

லேபின் சொந்த மெயில்கள் எல்லாவற்றிலும் முத்திரை விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விழுந்தது. பதினொன்றரைக்கு 'திருப்பி அடி' என்று மாற்றினாள். போய்க்கொண்டிருந்த உயிர் பாதி திரும்பி வந்தது. பிறகு பயந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லவே நேரம் சரியாக இருந்தது. மேல் மாடிப் பரிசோதனை அறைக்குப் போய் அக்கா ரிசல்ட் என்னவென்று கேட்க வேண்டும் என்று நினைப்பாள், அதற்குள் இன்னொரு போன் அடிக்கும்.

மூன்று மணிக்கு அக்காவே கூப்பிட்டாள். சிரிப்புத் தாங்கவில்லை அவளுக்கு.

"குட்டி, அந்தத் திருட்டுப் பசங்களுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாரேன்! இன்னொண்ணு அனுப்பியிருக்கானுங்க. லேப்னு சொல்லி மூணு தடவை போன் வேற. நான் எடுப்பேனா? மெயிலையும் தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்."

"எத்தனை மணிக்கு வந்துச்சு?"

"ஒண்ணு, ஒண்ணேகால் இருக்கும்."

பதினொன்றரைக்கே அடைத்தாயிற்றே. பழைய உத்தரவு சில சர்வர்களில் இரண்டு மூன்று மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதில் நுழைந்திருப்பான். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனசைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா போட்டிருந்துச்சு?"

"ரத்தத்துல தட்டணு, அதான் பிளேட்லெட், ஒன்றரை லட்சம் இருக்கணுமாம், எனக்கு வெறும் எட்டாயிரம்தானாம். போன்ல பிடிக்க முடியலையாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போகணுமாம். இந்தத் தடவை லிங்க் கூடக் குடுக்கல. சோம்பேறிப் பசங்க!"

"லிங்க் இல்லையா?"

"ஏன்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"அக்கா, லேப்டாப் பக்கத்துல இருக்கா? குப்பையிலேருந்து அதை வெளிய எடு. மேல மூணு புள்ளி இருக்கும், அழுத்து. 'மூலத்தைக் காட்டு'ன்னு வரும்."

அக்கா தேடினாள். "இரு, மூக்கைத் துடைச்சுக்கறேன். மதியத்துலேருந்து ரத்தம் கசிஞ்சுகிட்டே இருக்கு, நிக்க மாட்டேங்குது," என்றாள். அக்கா காலில் கட்டிய ரத்தத்தையும் இதையும் இவள் சேர்த்துப் பார்த்தாள். பத்து வருஷமாகப் போலியைப் பிடிப்பதே பிழைப்பாக இருந்தவள், இப்போது வேண்டாத தெய்வம் இல்லை. கடவுளே, இது போலியாக இருக்கட்டும். ஆறாயிரத்தோடு இதுவும் ஒன்றாகப் போகட்டும். நான் அடைத்த கதவு அடைபடாமல் போயிருக்கட்டும், வேலை போனாலும் பரவாயில்லை.

"கிடைச்சிடுச்சு. டிகேஐஎம்னு ஒரு வரி இருக்கு. பக்கத்துல 'பாஸ்'னு போட்டிருக்கு. பாஸ்னா நல்லதுதானே?"

டிகேஐஎம் என்பதுதான் அவளுடைய முத்திரை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளு. கதவைத் திறந்து வெச்சிட்டு சோபாவுல உக்காரு. எதுலயும் இடிச்சுக்காத, மாடிப்படி இறங்காத. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். நானும் இதோ கிளம்பிட்டேன்."

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு அக்கா சின்னப் பிள்ளை மாதிரி கேட்டாள்.

"போலின்னு சொல்லேன்டி."

"போலி இல்லக்கா," என்றாள். "நாங்கதான் அனுப்பினோம்."