ஜெயரூபி அடைத்த மடை

கந்தளாய்க் குளத்துக் கிளை வாய்க்காலில் புல் இடுப்பளவு மண்டிக் கிடந்தது. அதைத் துப்புரவாக்க ஊர் கூடிச் செய்யும் சிரமதானத்துக்கு வந்திருந்தவர்களோ ஒரு சிலர்தான்.

"பாக்கியரத்தினத்தார் ஒருநாளும் வாறதில்லை. தண்ணிக்கு மட்டும் முதல் ஆள். நாங்கள் ஏன் முறியோணும்?" என்று தனஞ்சயன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு நடந்தான். மற்றவர்களும் கலைந்தார்கள்.

ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குச் செயலாளர் பூரணி. அவன் போட்ட மண்வெட்டியை எடுத்துக் கரையில் சாத்தினாள். பாக்கியரத்தினத்திடம் எத்தனையோ தரம் பணிவாகச் சொல்லியிருக்கிறாள். "வாறன் பிள்ளை" என்பார், வரமாட்டார். வீண் பகை எதற்கென்று அவளும் விட்டுவிடுவாள்.

மிளகாய் பயிரிடும் ஜெயரூபி எழுந்தாள். அவளுடைய தோட்டத்துக்கும் பாக்கியரத்தினத்தின் வயலுக்கும் தண்ணீர் பாய்வது ஒரே மடையால். அதில் பலகையை இறக்கி, மண்மூட்டை வைத்து அடைத்தாள்.

"அக்கா, உங்களுக்கும் தண்ணி வராதே!" என்றாள் பூரணி.

"ஓம், வராதுதான். வேலைக்கு வராதவைக்குத் தண்ணி இல்லையெண்டு கூட்டத்தில கை தூக்கினது நாங்கள்தானே? அவர் வந்து இறங்கினா அண்டைக்கே திறப்பன்."

அடுத்தடுத்த நாட்களில் வெயில் கொளுத்தியது. மிளகாய் இலைகள் சுருண்டன, பூக்கள் உதிர்ந்தன. பூரணி மனம் பொறுக்காமல் பயிருக்கு ஊற்ற வாளியில் தண்ணீரோடு போனாள்.

"வேண்டாம் பூரணி. என்ர பயிரை மட்டும் காப்பாத்தினா, அவரில உள்ள கோவத்தில மடையை அடைச்சதெண்டு ஆகிடும்."

கடைசியில் பாக்கியரத்தினம் பாய்ந்து வந்தார். "என்ர வயலைக் காயவிட நீ ஆர்?" என்று பலகையில் கை வைத்தவரின் பார்வை, வாடிக் கிடந்த மிளகாய்ப் பாத்திகளில் விழுந்தது. எரிச்சலில் செய்தாள் என்று ஊரெல்லாம் சொல்ல நினைத்திருந்தார்; அவளோ தன் பயிரையும் சேர்த்தே காயவிட்டிருந்தாள். கையை எடுத்துக்கொண்டு திரும்பினார்.

மறுநாள் காலை பூரணி வந்தபோது அவர் சேற்றில் நின்று புல் அரிந்துகொண்டிருந்தார். செய்தி பரவியது. தனஞ்சயன் வந்தான், வருடக்கணக்கில் எட்டிப் பாராதவர்களும் வந்தார்கள். மத்தியானத்துக்குள் வாய்க்கால் துப்புரவானது.

"இன்னும் ஒரு கிழமை அடைச்சு வைப்பம். அவருக்குப் புத்தி வரட்டும்" என்றான் தனஞ்சயன்.

"அண்ணை வந்திட்டார். பிறகென்ன?" ஜெயரூபி பலகையை இழுத்தெடுத்தாள்.

தண்ணீர் வந்தும் அவளுடைய மிளகாயில் பாதி தேறவில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் முறையிடவுமில்லை. அடைக்கத் துணிந்த அதே கை, நேரம் வந்ததும் தயங்காமல் திறந்ததை நினைக்க நினைக்கப் பூரணிக்கு வியப்பு அடங்கவில்லை.

அடுத்த போகத்துச் சிரமதானத்தில் வந்த கூட்டத்துக்குத் தேத்தண்ணி போதாமல், பூரணி இன்னொரு தரம் கேத்திலை அடுப்பில் ஏற்றினாள்.