பதினோராவது கேள்விக்கான கட்டம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை, ஜெராக்ஸ் கடையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு தாளிலிருந்து வந்தது. தனியார் பாலம் ஒன்றை அரசாங்கம் எடுத்துக்கொள்வதற்கான மதிப்பீட்டுப் படிவம். பதினோராவது கேள்வி: 'இந்தப் பாலத்தை விட்டால் ஆற்றைக் கடக்க வேறு வழி உண்டா?' பதிலுக்கான கட்டம் காலியாக இருந்தது.

2

'ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருந்த அந்தக் காலையில், பாலத்தின் உரிமையாளர்—'

வேண்டாம். ஆறு அதன் பாட்டுக்கு ஓடட்டும். அவளைப் பாலத்துக்காரி என்றே கூப்பிடுவோம். அப்பா கட்டிய பாலத்தின் முனையில், சுங்கச்சாவடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முப்பது வருடமாகச் சீட்டுக் கிழிப்பவள்.

மதிப்பீட்டு அதிகாரி நல்ல மனிதர். (வில்லனாக்கப் பார்த்தேன். வெயிலில் தூண் தூணாக அளந்தவர், பாவம், மனசு வரவில்லை.) வீடென்றால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனதென்று கேட்கலாம், பக்கத்துப் பாலத்துக்கு எங்கே போவது என்று அலுத்துக்கொண்டார். ஆகவே சுங்க வருமானத்தை வைத்துத்தான் விலை. வேறு வழியே இல்லாத பாலமென்றால் முழுசாக. போட்டி இருந்தால் பாதி. அறிவிப்பு வந்த நாளில் என்ன நிலைமையோ அதுதான் செல்லும்.

பாலத்துக்காரிக்கும் அவள் புருஷனுக்கும் இனி ஆயுசுக்கும் அந்தத் தொகைதான்.

3

இங்கே ஒரு வம்பை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன். பாலத்துக்கு நூறடி தள்ளி ஒரு படகு ஓடுகிறது. சுங்கம் கொடுக்க மனசில்லாதவர்கள் அதில்தான் போகிறார்கள். அந்தப் படகுக்காரர்தான் பாலத்துக்காரியின் புருஷன்.

(நம்பமுடியவில்லையா? இவள் அப்பா பாலம் கட்டியபோது, படகை விடமாட்டேன் என்று முரண்டு பிடித்தவர் அவர். அந்த முரண்டைப் பார்த்துத்தான் இவள் கட்டிக்கொண்டாள்.)

வீடு அக்கரையில். சாயந்திரம் ஜன்னலைச் சாத்திவிட்டு இவளும் படகில்தான் போவாள். சொந்தப் பாலத்தில் கால் வைக்காதவள் என்று ஊரே கிண்டல் செய்யும்.

4

படிவத்தோடு படகுத்துறைக்குப் போனாள்.

"என்னங்க எழுதறது?"

படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இல்லைன்னு எழுது. கவர்மென்டு எடுத்து, பாலத்துல சும்மா போலாம்னு ஆயிட்டா எவன் படகுல ஏறப்போறான்? அடுத்த மாசம் படகு நிஜமாவே இல்லாமத்தான் போகும்."

"அப்ப நான் எதுல வீட்டுக்கு வர்றது?"

அவர் இறைப்பதை நிறுத்திவிட்டு, அவள் ஏறக் கையை நீட்டினார்.

5

'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். பணம் வந்தது, அன்று அவள் பாலத்தில் தனியாக நடந்துபோனாள். அடித்துவிட்டேன். 'உண்டு' என்று எழுதினேன். பைத்தியமா உனக்கு என்று அவர் திட்டினார். திட்டும்போதே அவருக்குக் கண்—

இரண்டு பேரையும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. இனி எனக்குக் கை வராது. படகு நடு ஆற்றில் இருக்கிறது, படிவம் அவள் மடியில். அக்கரை சேர்வதற்குள் நீங்களே எழுதிவிடுங்கள். அவசரமில்லை. அவரும் துடுப்பை மெதுவாகத்தான் போடுகிறார்.