விளையாடியவர் பெயர்

மூன்றாவது கட்டத்தில் கூடை மறுபடியும் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. ஆப்பிள்கள் தரையில் விழுந்துகொண்டே இருந்தன. பரிமளா மவுசை விட்டுவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

ஜெயங்கொண்டத்தில் உரக்கடைக்கு மேலிருந்த அந்த அறையில் அவளுக்கும் வேணிக்கும் மற்றப் பெண்களுக்கும் இதுதான் வேலை. இணையத்தில் வரும் சின்னச் சின்ன விளையாட்டுகளை ஆடிவிட்டு, வெளிநாட்டுக்காரர் யாரோ ஆடி மகிழ்ந்ததுபோல இங்கிலீஷில் கருத்து எழுத வேண்டும்.

முதலாளி மகேஷ் பின்னால் வந்து நின்றான்.

"இதுக்குப் போன வாரம் என்னா எழுதுன?"

"கூட நகரலன்னு எழுதுனேன் சார். நெசமாவே நகரல."

"கீழ பேரு? இ. பரிமளா, மீன்சுருட்டி. ஏன், ரேஷன் கார்டு நம்பரையும் போடுறதுதான?"

பெண்கள் சிரித்தார்கள். வேணி மட்டும் குனிந்துகொண்டாள்.

"வெளையாட்டுக் கம்பெனிக்காரன் போன்ல கிழிக்கிறான். ஒன்னால எல்லாரு வேலையும் போவும்போல. கெளம்பு."

"சார், மார்க் ஷீட்டு..."

சேரும்போது அவளிடம் வாங்கி வைத்துக்கொண்ட பிளஸ் டூ அசல் சான்றிதழ் அவனுடைய பீரோவில் இருந்தது. அடுத்த வாரம் நர்சிங் பள்ளியில் அதைக் காட்டியாக வேண்டும்.

"ஒங்கப்பாவ வரச் சொல்லு."

அப்பா இளையபெருமாள் சுண்ணாம்புக்கல் குவாரியில் இருந்தவர். தூசியைப் பற்றி மற்றவர்கள் பெயரில்லாமல் மனுப் போட்டபோது, அவர் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வேலை போனது, இருமல் தங்கிவிட்டது. பரிமளா இங்கே சேர்ந்த அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எத எழுதுனாலும் பேரப் போட்டு எழுது. மொட்டக் கடுதாசி எழுதுற வூடு இல்ல நம்முளது."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஓடாதத ஓடலன்னு எழுதுறது தப்பா? ஒளிஞ்சு எழுதலியே, பேரு போட்டுத்தான எழுதுனா?"

"நீங்க கீழ நில்லுங்க பெரியவரே. நான் பேசிக்கிறேன்."

அவர் இறங்கியதும் மகேஷ் நாற்காலியைக் காட்டினான். "அதே வெளையாட்டுக்கு நல்லதா எழுதிக்கிட்டே இரு. நீ எழுதுனது அடியில போயி மறையணும். அப்பறம் மார்க் ஷீட்டு. சம்பளம் கேக்கப்படாது."

பரிமளா உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே அப்பா தெரிந்தார். உரக்கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அப்பா கையாலேயே வேண்டாமென்றார். வெயிலில் நின்று துண்டுக்குள் இருமினார்.

'அருமையான விளையாட்டு. கூடை வேகமாக ஓடுகிறது.' பெயர் கேட்ட கட்டத்தில் பீட்டர் என்று அடித்தாள். அடுத்தது மேரி. அதற்கடுத்தது ஜான்.

அவள் இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. அப்பா அதே இடத்தில் நின்றார்.

"குடுத்துட்டானா?"

"நாளைக்கும் வந்து எழுதணுமாம்ப்பா."

"எழுது. நமக்கென்ன பயம்? பேரு போட்டுத்தான எழுதுன?"

"போட்டேம்ப்பா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவின் நடுவே நிமிர்ந்து நடந்தார். விறைத்துப்போன விரல்களைத் துப்பட்டாவுக்குள் மடக்கிக்கொண்டு பரிமளா பின்னால் போனாள்.